எண்ணெய் வைத்த கோடுகள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். கோடுகள் மொத்தம் பன்னிரண்டு என்று உமாராணி சொன்னதாக ஞாபகம். ஆறுமுகத்தாய் பதிமூன்று என்பாள். மாதம் பங்குனியா சித்திரையா என்பதும் தெளிவில்லை. வெயில் மட்டும் உறுதி. சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் கூரைத் தகடு அன்று பத்து மணிக்கே படபடவென்று தெறித்தது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். எங்காவது பிசகியிருந்தால் அது என் மறதி. அவர்கள் பேரில் குற்றமில்லை.

உமாராணி கட்டிடங்களின் பலத்தைக் கணக்கிட்டுச் சொல்கிற பொறியாளர். முத்தையாபுரத்தில் வீடு, தூத்துக்குடி ஊருக்குள் ஒற்றை அறை அலுவலகம். பேச்சு குறைவு. கேள்வி கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்து, கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்க வாயெடுக்கும் நேரத்தில்தான் பதில் வரும். அந்த வெள்ளிக்கிழமை அவள் பையில் ஓர் அறிக்கை தட்டச்சாகித் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. 'கட்டிடம் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல, இடிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது' என்பது அதன் கடைசி வரி.

அந்தக் கட்டிடம் பழைய துறைமுகத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் லிங்கராஜ் அண்ணாச்சியின் கிட்டங்கி. தொண்ணூறு வருஷத்துக்கு முன் பருத்திப் பொதி அடுக்கக் கட்டியது. இப்போது அதில் அவுரி; சாயம் எடுக்கும் அவுரி அல்ல, நிலாவாரை என்கிறார்களே, அது. சாத்தான்குளத்திலும் விளாத்திகுளத்திலும் மழையை நம்பி விளைகிற அந்த இலையை முப்பத்துநாலு பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அது மூட்டையாகிக் கப்பலேறி, வெளிநாட்டில் பேதி மாத்திரையாகக் கரையேறும். தலைக்கு மேல் ஆறு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றும் அறுபது அடி அகலத்துக்குச் சுவருக்குச் சுவர் முக்கோணமாகக் கூரையைத் தாங்கி நிற்கின்றன.

கடல் பக்கத்துச் சுவரில், அந்தச் சட்டங்களின் கால் உட்காரும் இடமெல்லாம் விரிசல். போன மாதம் ஒரு பலகை அகலத்துக்குக் காரை பெயர்ந்து இரண்டு பெண்களுக்கு நடுவில் விழுந்தது. திங்கட்கிழமைக்குள் பொறியாளர் சான்று வேண்டும், இல்லையென்றால் பூட்டு என்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது.

"நிக்கும்னு எழுதுனா நிக்கட்டும், நிக்காதுன்னா இடிச்சிருவேன். மனுச உயிருல்லா" என்றிருந்தார் லிங்கராஜ். "ஆனா ஒண்ணு மேடம். இடிச்சா திரும்பக் கட்ட மாட்டேன். இலையை வாங்குன எடத்துலயே வித்துட்டு, நிம்மதியா சுகர் மாத்திரை தின்னுட்டு இருந்துருவேன்."

அதாவது, அவள் கையெழுத்துப் போட்டால் முப்பத்துநாலு பேருக்கும் வேலை இல்லை. நிற்கும் என்று மாற்றி எழுதிக் கூரை விழுந்தால் முப்பத்துநாலு பேரும் அதற்குக் கீழே. இதை உமாராணி நாலு நாளாக மென்றுகொண்டிருந்தாள்.

கணினியில் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. கிட்டங்கியைக் கம்பி கம்பியாகத் திரையில் கட்டி, அதன்மேல் கச்சான் காற்றை ஏவிப் பார்த்தாள். கச்சான் என்பது ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வந்து ஊரையே கடலுக்குள் தள்ளப் பார்க்கும் காற்று. ஏவிய மாத்திரத்தில் கடல் பக்கத்துச் சுவரின் தலை சிவப்பாகிவிட்டது. சட்டங்கள் அந்தச் சுவரை வெளியே தள்ளுகின்றன. மெலிந்த அந்தச் சுவருக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. தெருப் பக்கத்துச் சுவரோ இரண்டு மடங்கு தடிமன், வெளியே முட்டுச்சுவர்கள் வேறு. தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரிகிற சுவரை மட்டும் திடமாகக் கட்டி, மறைவிலிருப்பதில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான் என்று கட்டியவனை மனசுக்குள் வைதிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்தது கடைசியாக நாலு புகைப்படம் எடுக்க. வடகிழக்கு மூலைக்கு நடந்தவளை ஒரு குரல் நிறுத்தியது.

"மேடம், அங்கன செருப்போட போவாதிய."

அந்த மூலையில் பத்தடிக்கு எட்டடி இடம் மூட்டை வைக்காமல் காலியாகக் கிடந்தது. முன்பு வந்தபோதெல்லாம் அதன்மேல் சாக்கு விரித்திருந்தார்கள். இன்று சாக்கு சுருட்டி ஓரமாக இருந்தது. இரண்டு மூட்டைகளின் மேல் பாலம் போல ஒரு பலகை. பலகையில் குப்புறப் படுத்தபடி ஆறுமுகத்தாய், ஐம்பது வயதுக்காரி, கையில் எண்ணெய்க் கிண்ணம். கீழே சிப்பிச் சுண்ணாம்பில் இழைத்து மெருகேற்றிய பழைய தரை. அந்தத் தரையில் கோடுகள் கீறியிருந்தன. விரலை எண்ணெயில் தொட்டு ஒவ்வொரு கோட்டின் மேலும் நுனி முதல் நுனி வரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"சக்கரம். சக்கரத்தம்மன். வெள்ளிக்கு வெள்ளி எண்ணெ வைக்கணும். யாரும் மிதிக்கக் கூடாது."

"மிதிச்சா?"

"பேச்சிச்செல்வி ஒரு நா மிதிச்சா. மறுவாரமே கலியாணம் ஆயிட்டு" என்றாள் ஆறுமுகத்தாய். இலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து, "அது ஒண்ணுதான் கொறச்சலு, அதையும் சாமி தலையில போடுதியாக்கும்" என்று பேச்சிச்செல்வியின் பதில் வந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

உமாராணி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள்.

சட்டத்தில் ஒரு கம்பி எந்தச் சரிவில் ஏறியதோ அதே சரிவில் தரையில் ஒரு கோடு கிடந்தது. இன்னொரு கம்பி எப்படி இறங்கியதோ அப்படியே இன்னொரு கோடு. மேலே இருந்த வடிவம் அல்ல கீழே இருந்தது. அங்கே முக்கோணங்கள், இங்கே ஒரு விசிறியைப் பாதி மடக்கியது போன்ற கூட்டம். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் இணையாக மேலே ஒரு கம்பி இருந்தது.

கல்லூரியில் ஒரே ஒரு தாளில் அவள் இதை வரைந்திருக்கிறாள். 'இதெல்லாம் இனி எங்கே பயன்படப் போகிறது' என்று முணுமுணுத்துக்கொண்டு வரைந்தாள். பென்சில் முனை இரண்டு தரம் உடைந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன், ஐரோப்பாவில் ரயில் பாலங்கள் முளைத்த காலத்தில் வந்த முறை அது. ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு விசை ஓடுகிறது என்று எண்ணால் கணக்குப் போடாமல், அந்தக் கம்பிக்கு இணையாக ஒரு கோடு வரைவது. கோட்டின் நீளம்தான் விசை. அளவுகோலும் பென்சிலும் நடுங்காத கையும் போதும். அதற்குப் பிறகு எத்தனையோ முறைகள் வந்தன. மூலைகளையெல்லாம் மனதில் பூட்டிவைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து, திமிறுகிற விசையை அண்டைக் கம்பிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, திமிறல் அடங்கும்வரை திரும்பத் திரும்பப் பங்கிடும் முறை ஒன்று. அதை ஓர் அமெரிக்கப் பேராசிரியர் பத்தே பக்கத்தில் எழுதினாராம். அந்தப் பத்துப் பக்கத்தின் மேல் உலகமெங்கும் மாடிகள் எழுந்தன. அப்புறம் வரிசை வரிசையாக எண்களை அடுக்கும் முறை, அந்த அடுக்கைத் தின்னும் கணினி, கடைசியில் அவள் பையிலிருக்கும் மடிக்கணினி. எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. மேலே விழுகிற பாரம் எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது?

அந்தக் கேள்வியை ஒருவர் இந்தத் தரையில் முட்டிபோட்டுக் கேட்டிருக்கிறார்.

"இதை யாரு வரைஞ்சது அக்கா?"

"தொப்பி வச்ச ஒரு ஐயா. மூணு நாளு வரைஞ்சாராம். எங்களுக்கு முன்னால இருந்தவளுக்கும் முன்னால ஒருத்தி கயிறு பிடிச்சாளாம். அவதான் சொல்லி வச்சா, எந்தக் கோட்டுக்குப் பெறவு எந்தக் கோடுன்னு."

உமாராணி பலகையின் ஓரத்தில் குந்தினாள். "வரிசை இருக்கா?"

"இல்லாம? முதல்ல இந்தச் சாய்ஞ்ச கோடு. பெறவு நிமிந்த கோடு. அப்புறம் ரெண்டையும் முடிச்சுப் போடுத கோடு. அதுக்கப்புறந்தான் உள்ள இருக்கிற பிள்ளைய. ஒருத்தி முடிஞ்ச எடத்துலதான் அடுத்தவ தொடங்கணும்."

"மாத்தித் தொட்டா என்னாவும்?"

"கடசிக் கோட்டுக்கு வழி கெடைக்காது. ஒழுங்கா வந்தியன்னா அது தானா போயிச் சேரும். சேந்தாத்தான் சாமி ஏத்துக்கிட்டுன்னு அர்த்தம்."

உமாராணி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். சாய்ந்த கோடு, காற்று. நிமிர்ந்த கோடு, ஒரு சுவர் திருப்பித் தரும் தாங்கல். முடிச்சுப் போடுகிற கோடு, மறு சுவரின் தாங்கல். பிறகு கம்பிகள், முனை முனையாக. கடைசிக் கோடு, ஏற்கெனவே இருக்கும் புள்ளியில் தானாக வந்து விழ வேண்டும். விழுந்தால் கணக்கு சரி. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இந்த வரிசையை இங்கே யாரும் படிக்கவில்லை. தொண்ணூறு வருஷமாக வெள்ளிக்கு வெள்ளி விரலால் நடந்திருக்கிறார்கள். எண்ணெய் வைத்துத் துடைத்ததால்தான் ஒரு கோட்டில்கூட அழுக்கு அடையவில்லை. மிதிக்காததால்தான் ஒன்றுகூடத் தேயவில்லை.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். ஆறுமுகத்தாய் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இதை நான் அளக்கணும்."

"மிதிக்காம அளங்க" என்றாள் அவள். பிறகு, "ஏளா, டேப்போட அந்த முனையைப் பிடி" என்று பேச்சிச்செல்வியைக் கூப்பிட்டாள்.

பலகையை நகர்த்தி நகர்த்தி மூன்று பேரும் அளந்தார்கள். காற்றுக் கோட்டின் நீளத்தை நூறு என்று வைத்து, மற்ற ஒவ்வொன்றும் அதில் எவ்வளவு என்று உமாராணி குறித்தாள். கணினியைத் திறந்து தன்னுடைய விசைகளையும் அதே மாதிரி நூற்றுக்கு எழுதினாள். சாய்வுக் கம்பிகள் பொருந்தின. குறுக்குக் கம்பிகள் பொருந்தின. நகக்கண் அளவு வித்தியாசத்துக்குள் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தன.

ஒரே ஒரு இடம் இடித்தது. படுத்த கோடு. சட்டத்தின் அடியில் சுவருக்குச் சுவர் ஓடும் கம்பிக்கு உரியது அது. அதன் துண்டுகள் எல்லாம் அவள் கணக்கிலிருந்து விலகின; விலகியது எல்லாம் ஒரே அளவு, ஒரு சாண். துண்டு துண்டாகத் தவறு செய்தவனுக்கு ஒவ்வொன்றிலும் வேறு வேறு தவறு வரும். ஒரே சாண் எல்லாவற்றிலும் வருகிறதென்றால் கோட்டின் தொடக்கப் புள்ளி மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. அந்தப் புள்ளி நிமிர்ந்த கோட்டின் அடி. கிட்டங்கியில் கிடந்த கொத்தனார் மூலைமட்டம் ஒன்றைப் படுத்த கோட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்த கோடு இம்மியும் சாயாமல் நின்றது. அவள் கணினியில் அதே கோடு சாய்ந்திருந்தது.

கடல் பக்கத்துச் சுவர் அவள் கணக்கில் வெளியே தள்ளப்படுகிறது. அந்த ஐயாவின் கணக்கில் அதன்மேல் எடை மட்டும்தான் உட்காருகிறது, தள்ளலே இல்லை. மனதில் வைது முடித்த மெலிந்த சுவர் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தள்ளல் முழுவதையும் தெருப் பக்கத்துத் தடித்த சுவருக்குக் கொடுத்துவிட்டு, கடல் பக்கத்துக் காலை நகரவிட்டிருக்கிறார். அந்தக் கால் உருளைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சொரிமுத்து அண்ணே, ஏணி வேணும்" என்றாள்.

சொரிமுத்து கிட்டங்கியின் மேற்பார்வையாளர், முப்பது வருஷமாக. ஏணியைக் கொண்டுவந்து வைத்தார், பிடித்துக்கொண்டார். உமாராணி ஏறினாள். சட்டத்தின் கால் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் சிமெண்டுக் கட்டி. முன்பு அதை அளந்து, படம் பிடித்து, 'காங்கிரீட் தாங்கி, அசையாதது' என்று எழுதியதும் அவள்தான். சுத்தியலால் ஓரத்தைத் தட்டினாள். சில்லு பெயர்ந்து, உள்ளே வளைந்த இரும்பின் முதுகு தெரிந்தது. மரக்கிளை பருமனில் ஓர் உருளை.

"அண்ணே, இதை யாரு பூசுனது?"

கீழே இலை சலிக்கும் சத்தம் நின்றது.

"நாந்தான் மேடம்" என்றார் சொரிமுத்து.

இறங்கி வந்தாள். அவர் ஏணியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ஒம்பது வருசம் இருக்கும். ஆனி மாசம், மத்தியானம். கச்சான் பேயா அடிக்கி. அண்ணாந்து பாத்தேன், காலு நவுந்துது. என் கண்ணால பாத்தேன் மேடம். போவுது, திரும்ப வருது. கூரை சுவரை விட்டு ஓடிரும்னு நெனச்சேன். கீழ இத்தன பொம்பளைய. மொதலாளி ஊர்ல இல்ல. ரெண்டு மூட்ட சிமெண்டு வாங்கி நானே ஏறி ஆறையும் பூட்டிட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா, கூரை நவுருதுன்னு பொம்பளைய வேலைக்கு வருவாவளா?"

"விரிசல் எப்ப வந்துது?"

"மறுவருசம் கோடையில. நல்லவேளை பூட்டுனோம், இல்லைன்னா என்னாயிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். விரிசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு கால், ஆறு விரிசல்.

வெயிலில் இரும்பு நீளும். அறுபது அடிக்கு ஒரு நெல்மணி அகலம் நீளும், மாலையில் சுருங்கும். நகர இடமில்லாததால் ஒன்பது வருஷமாகத் தினமும் சுவரைத் தள்ளி, இழுத்து, தள்ளியிருக்கிறது. இதை உமாராணி அவரிடம் சொல்லவில்லை. "என் கணக்குலயும் நான் பூட்டித்தான் வச்சிருந்தேன் அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மூட்டைமேல் உட்கார்ந்து, கணினியில் கடல் பக்கத்துக் காலுக்கான ஒரே ஒரு கட்டளையை மாற்றினாள். அசையாதது என்றிருந்ததை நகரலாம் என்று ஆக்கினாள். வேறெதையும் தொடவில்லை. இரண்டு விநாடி. சிவப்பு மறைந்தது. படுத்த கோட்டின் எண்கள் ஒரு சாண் நகர்ந்து, பென்சிலால் அவள் குறித்து வைத்திருந்த எண்களின்மேல் போய் உட்கார்ந்தன.

தொண்ணூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் முட்டி தேய வரைந்த ஒரு கை. இந்தப் பக்கம் கோடிக்கணக்கில் கூட்டிக் கழிக்கும் ஒரு இயந்திரம். ஒன்றையொன்று அறியாத இரண்டும் ஒரே புள்ளியில் வந்து தொட்டன. அதில் அவள் அதிர்ந்துபோனாள் என்று சொல்ல முடியாது. கோயிலில் திரை விலகும்போது கூட்டம் சட்டென்று அமைதியாகுமே, அப்படி ஒரு அமைதி அவளுக்குள் வந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. இன்று நிற்கிற கட்டிடத்தைச் சொன்னது. தரை பொய் சொல்லவில்லை; கட்டிய கட்டிடத்தைச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு மனிதனின் பயம், ஒரு சாண் அகலத்தில்.

"என்ன மேடம், சாமி என்ன சொல்லுது?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"கடசிக் கோடு சேந்துட்டு அக்கா."

மாலையில் லிங்கராஜ் வந்தார். முழுவதையும் கேட்டார். "தரையில கெடக்குற கோலத்தைப் பாத்தா மாத்தி எழுதுதிய?"

"கோலத்தைப் பாத்து எழுதல அண்ணாச்சி. எங்க பாக்கணும்னு அது சொன்னது. பாத்துட்டு எழுதுறேன்."

"கச்சான்ல விழுந்துட்டுன்னா?"

உமாராணி வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டாள். "முதல் கச்சான் அன்னைக்கு நான் உள்ள நிக்கேன்."

அறிக்கை திங்கட்கிழமை போனது. கடைசி வரி வேறு. சட்டங்களுக்கு முட்டுக்கொடுத்து, சிமெண்டை உடைத்து, உருளைகளைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். விரிசல்களைத் தைத்து மூட வேண்டும். அதுவரை பெண்கள் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே வேலை செய்யலாம். உடைக்கிற வேலையை ஆள் விடாமல் சொரிமுத்து தானே செய்தார். முதல் கால் விடுபட்டபோது சட்டம் முழுவதும் ஒரு முனகல் ஓடியது. முற்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஆனியில் கச்சான் வந்தது. உமாராணி உள்ளே ஏணிமேல் நின்றாள், உருளைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு. தகடுகள் அலறின. கீழே பெண்கள் இலையைத் தொடாமல் அண்ணாந்திருந்தார்கள். இரும்புக் கால் பென்சில் கோட்டை விட்டு அரை விரல் கடலைப் பார்த்துப் போனது. நின்றது. காற்று தணிந்ததும் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பிவந்து கோட்டின்மேல் நின்றது. சுவர் அசையவில்லை.

"நவுந்துதா மேடம்?" என்றார் சொரிமுத்து கீழேயிருந்து.

"நவுந்துது அண்ணே."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிட்டங்கி நிற்கிறது. லிங்கராஜ் அவுரி வியாபாரத்தை விடவில்லை. சர்க்கரையும் அவரை விடவில்லை. சொரிமுத்துவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆடி முடிந்ததும் வேலையை விட்டுச் சாத்தான்குளத்தில் மகனோடு இருக்கிறார். ஆறுமுகத்தாய்க்கு முழங்கால் போய்விட்டது. விளாத்திகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் வைப்பது இப்போது பேச்சிச்செல்வி. கோடுகளுக்கு முடித்தபின் ஏணி போட்டு ஆறு உருளைகளுக்கும் வைக்கிறாள். தொப்பி வைத்த ஐயாவின் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. உமாராணி முத்தையாபுரத்தில்தான் இருக்கிறாள், அதே ஒற்றை அறை அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.